சாப்பாட்டு மணி

ஆகஸ்ட் 2

ஓட்டுக் கம்பெனி முதலாளியின் பேரன் இன்று என் வீட்டுக்கு வந்தான். பெயர் ஹரிகேசவன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவன் தரையைப் பார்த்ததும் முகம் வாடிப்போனான். "மண் தரையா இருக்கும்னு நெனச்சேன் டீச்சர்" என்றான். மண் தரை இருந்தது அவன் தாத்தா காலத்தில். அப்போது அந்த பங்களாவிலிருந்து ஒரு ஈ காக்கைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். மூடிக் கிடக்கிற கம்பெனியை அவன் மியூசியம் ஆக்கப் போகிறான். சூளை, புகைபோக்கி, அச்சுக் கொட்டடி, நாங்கள் குடியிருக்கிற லைன் வீடுகள், நான் தொண்டை கிழியக் கத்திய கம்பெனிப் பள்ளிக்கூடம், எல்லாமே இனிமேல் காட்சிப்பொருள். "நம்ம பாரம்பரியம் அழிஞ்சிட்டிருக்கு டீச்சர். நெனச்சா தூக்கமே வரல" என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். கம்பெனியை இழுத்து மூடி, இயந்திரங்களை இரும்பு விலைக்குத் தள்ளியது இவனைப் பெற்ற அப்பன்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு பலகை வருமாம். அதில் தமிழை நான் எழுத வேண்டுமாம். பலகைக்கு நாற்பது வார்த்தைதான். சரி என்றேன். எண்பத்தெட்டில் சூளை இடிந்த நாளைப் பற்றி இவர்கள் என்ன எழுதி வைக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஓநாயோடு உட்கார்ந்து காப்பி குடிக்கலாம், தப்பில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "உம்" என்றான்.

ஆகஸ்ட் 4

சாரல். கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகக் காயவில்லை. அண்ணன் இரவெல்லாம் இருமினான். வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டுவதற்கு என்று போட்ட ஓலைச்சாய்ப்பில்தான் அவன் படுக்கை. உள்ளே வந்து படு என்றால் வர மாட்டான். சோற்றுத் தட்டும் அங்கேதான் போக வேண்டும். பார்க்கிறவர்கள் நான்தான் அவனை வெளியே தள்ளிவிட்டேன் என்று நினைப்பார்கள். அவனுக்கென்ன, எழுபத்து மூன்று வயதில் வைராக்கியம்.

இவனுக்குச் சற்குணம் என்று பெயர் வைத்த எங்கள் அப்பாவைத்தான் சொல்ல வேண்டும். அண்ணன் கம்பெனிச் சூளைக்குத் தீ போடுகிற வேலை பார்த்தான். எண்பத்தெட்டில் சூளையின் வளைவு இடிந்து உள்ளே மூன்று பேர் செத்தார்கள். இடியப் போகிறது என்று தெரிந்தால் தீக்காரன் அபாய மணி அடிக்க வேண்டும். இவன் அடிக்கவில்லை, தூங்கிவிட்டான் என்று கேஸ் ஆனது. ஊரே அப்படித்தான் சாட்சி சொன்னது. ஆறு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். வந்தவன் வீட்டு வாசலில் நின்று கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். அப்படியே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

அதற்கப்புறம் வாயைத் திறப்பது உப்பு கேட்பதற்கு மட்டும்.

ஆகஸ்ட் 9

மியூசியத்தை வடிவமைக்கச் சென்னையிலிருந்து மாளவிகா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். கைத்தறிப் புடவை, ஆண்பிள்ளை மாதிரி கிராப்பு, தோளில் சாக்குத்துணிப் பை. எதைப் பார்த்தாலும் தொட்டுத் தடவுகிறாள். உடைந்த ஓட்டைக் கூட விட்டுவைக்கவில்லை.

பொம்மைகள் லாரியில் வந்து இறங்கின. தொழிலாளிகளாம். ஒவ்வொருத்தனும் ராஜகுமாரன் நிறத்தில் இருக்கிறான். தீக்காரன் பொம்மைக்கு முறுக்கு மீசையும் சலவை வேட்டியும். அந்த வேட்டியோடு சூளை மேல் ஏறியிருந்தால் அரை நாழிகையில் கருகிப்போயிருப்பான்.

பெண்களுக்கான கழிப்பறை எங்கே இருந்தது என்று மாளவிகா கேட்டாள். உடைமரக் காட்டைக் காட்டினேன். சிரித்தாள், நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து. நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டாள். வருகிறவர்களுக்காக அங்கே வெள்ளை ஓடு பதித்த கழிப்பறை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நூறு வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 12

லைன் வீட்டுப் பலகைக்கு நான் எழுதிக் கொடுத்தது: "இங்கே ஓடு செய்தவர்கள் எண்பத்தெட்டு வரை ஓலைக் கூரைக்குக் கீழேதான் வாழ்ந்தார்கள்."

பேரன் அடித்துவிட்டான். "கொஞ்சம் நெகட்டிவா இருக்கு டீச்சர்" என்றான்.

ஆகஸ்ட் 17

இன்று சூளை உச்சியில் ஒரு கூத்து. அந்தக் காலத்தில் அங்கே ஒரு சட்டத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும், இப்போது கயிறு இற்றுப்போய்க் கீழே கிடந்தது. மாளவிகா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்று கேட்டாள். பக்கத்தில் அந்தக் காலத்தில் கம்பெனியில் ஓடு சுமந்த முப்பிடாதியும் இன்னும் இரண்டு கிழவிகளும் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முப்பிடாதிதான் சொன்னாள். "அதுவாம்மா, சாப்பாட்டு மணி. மத்தியானம் அடிப்பாவ, சாப்பிடப் போவோம்."

மாளவிகா என்னைப் பார்த்தாள். நான் நோட்டில் "சாப்பாட்டு மணி" என்று எழுதிக்கொண்டேன். பலகைக்கு நாற்பது வார்த்தை வரவில்லை, இருபதிலேயே முடிந்துவிட்டது.

இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன். அதுதான் அபாய மணி. தீக்காரன் பொறுப்பில் இருக்கும். ஒரு அடி அடித்தால் தீ அடுத்த அறைக்கு நகர்கிறது என்று அர்த்தம். விடாமல் அடித்தால் ஓட வேண்டும். தலையில் இருக்கிற ஓட்டுச் சுமையை அப்படியே போட்டுவிட்டுக் குளத்தங்கரைக்கு ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, சொந்தக்காரன் உள்ளே இருந்தாலும் தேடக் கூடாது. சாதாரண நாளில் ஓர் ஓடு உடைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அதனால் பாம்பே குறுக்கே வந்தாலும் பெண்கள் சுமையை விட மாட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு மட்டும்தான் கீழே போடலாம்.

அந்த மணி அன்று அடிக்கவில்லை என்று ஊர் சொல்லிவிட்டது. அடிக்காத மணிக்குச் சாப்பாட்டு மணி என்று பெயர் இருந்தால் என்ன, பூசை மணி என்று இருந்தால் என்ன.

ஆகஸ்ட் 22

தண்டவாளத்தைப் புதுச் சங்கிலியில் மாட்டினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அதை வரவேற்பு அறை ஆக்கியிருக்கிறார்கள். கரும்பலகையில் காப்பி விலை எழுதப் போகிறார்களாம். திடீரென்று எவனோ ஒரு வேலைக்காரன் தண்டவாளத்தைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினான்.

வெளியே வந்து, "எவன்டா அவன்? அதத் தொடாத!" என்று சத்தம் போட்டேன்.

மாளவிகா சூளையிலிருந்து இறங்கி வந்தாள். "உங்களுக்கு ஸ்கூல் வரைக்கும் கேட்டுச்சா டீச்சர்?"

"காத்து இந்தப் பக்கம் அடிக்கி" என்றேன்.

அவள் மரங்களைப் பார்த்தாள். ஓர் இலை அசையவில்லை. இந்தக் காலத்துப் பெண்களுக்கு மரியாதை தெரியாது.

அண்ணன் ராத்திரி சாப்பிடவில்லை. நல்ல மீன் குழம்பு, பூனைக்குப் போயிற்று.

ஆகஸ்ட் 26

வந்துவிட்டது. பதினாலாம் பலகை. இங்கிலீஷில் மாளவிகா கொடுத்ததை மாவாட்டும்போதே படித்துவிட்டேன். தமிழில் இப்படி வரும்: "1988ஆம் ஆண்டு தீக்காரர் சற்குணம் பணி நேரத்தில் உறங்கிவிட்டதால் எச்சரிக்கை மணி அடிக்கப்படவில்லை. சூளை இடிந்து மூவர் உயிரிழந்தனர். அத்துயரிலும் நிர்வாகம் தொழிலாளர்களைக் கைவிடவில்லை. லைன் வீடுகள் அனைத்துக்கும் ஓட்டுக் கூரை அமைத்துத் தந்தது."

கருங்கல்லில் செதுக்கப் போகிறார்களாம். மற்றதெல்லாம் பிளாஸ்டிக், இது மட்டும் கல். அண்ணன் செத்து, நான் செத்து, இந்த ஊரில் புல் முளைத்த பிறகும் இங்கே வருகிற ஒவ்வொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அவன் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கும், தூங்கி மூன்று பேரைக் கொன்றவன் என்று.

மாளவிகா கேட்டாள், "எச்சரிக்கை மணின்னு வருதே, அது எது டீச்சர்?"

"அது வேற மணி. காணாமப் போயிட்டு" என்றேன்.

பெயரில்லாமல் எழுதிக் கொடுத்தேன்: "சூளை வளைவு இடிந்து மூவர் உயிரிழந்தனர்." முப்பத்தைந்து வார்த்தை மிச்சம்.

ஆகஸ்ட் 30

பேரனைப் பார்க்க பங்களாவுக்குப் போனேன். அந்த வீட்டுச் சோபாவில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. சுகமாகத்தான் இருந்தது, சனியன்.

"பேர் வேண்டாம் தம்பி" என்றேன்.

"டீச்சர், பேர் இருந்தாத்தான் அது ஒரு மனுஷக் கதை. வர்றவங்க கனெக்ட் ஆவாங்க."

"வளைவுல விரிசல்னு அவன் மூணு தடவை உங்க தாத்தாகிட்ட வந்து சொன்னான். ஆர்டர் முடியட்டும்னு தீய ஏத்தச் சொன்னது யாரு? அத எழுதேன். அதுவும் மனுஷக் கதைதான்."

அவன் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். தலையைச் சாய்த்துக்கொண்டு, "மணி அடிக்கலைன்னு ஊரே சொல்லிச்சுல்ல டீச்சர்? ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. நீங்களும் சொன்னீங்கன்னு அப்பா சொல்வாங்க" என்றான்.

சூளை இடிந்த அன்று பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வகுப்பு முழுவதும் உரக்க வாய்ப்பாடு சொல்லும்போது வெளியே இடி விழுந்தாலும் தெரியாது. அதைத்தான் கேஸ் நடந்தபோதும் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

வருகிற வழியில் வெங்காயம் வாங்கினேன். எல்லாம் அழுகல்.

செப்டம்பர் 3

ஞாயிறு. வேதக் கோயிலில் பாதிரி ஐயர் மன்னிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். யாரும் கேட்கவில்லை, பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் போனைப் பார்த்தார்கள்.

வெளியே லில்லி புஷ்பம் பிடித்துக்கொண்டாள். என்னிடம் இரண்டாம் வகுப்புப் படித்தவள், இப்போது மியூசியத்தில் டிக்கெட் கொடுக்கப் போகிறாள். "டீச்சர், சூளை இடிஞ்ச அன்னைக்கு குளத்தங்கரையில வச்சு என் கால்ல கருவமுள்ளு ஏறிட்டு. நீங்கதான் ஊக்க வச்சு எடுத்துவிட்டிய. அப்பதான் டமார்னு சத்தம். மறக்கவே மாட்டேன்" என்றாள்.

சின்னப் பிள்ளையில் நடந்தது, அவளுக்குக் குழம்பியிருக்கிறது. முள் எடுத்தது வேறு ஒரு நாள். வகுப்பு நேரத்தில் நான் எதற்குப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்?

செப்டம்பர் 8

முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். செத்த மூன்று பேரில் ஒருவன் அவள் புருஷன் கொம்பையா. உள் அறையிலிருந்து ஓடு எடுத்துக்கொண்டிருந்தான். அங்கே வேலை பார்க்கிறவர்கள் சூட்டுக்குக் காதை மூடித் துணி கட்டியிருப்பார்கள்.

"அண்ணன் பேரக் கல்லுல வெட்டப் போறாங்க முப்பிடாதி" என்றேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "என்ன டீச்சர் செய்யச் சொல்லுதிய?"

"நீ ஒரு வார்த்தை அந்தப் பேரன்கிட்ட சொன்னா போதும்."

"நீங்க சொல்லலாம்லா? நீங்க படிச்சவிய."

"எனக்குக் கேக்கல. வாய்ப்பாடு சொல்லிட்டிருந்தாங்க."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். "மழ வருது டீச்சர். துணி கெடக்கு" என்று எழுந்து போய்விட்டாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

என்ன ஜென்மங்கள். மணி அடித்தது என்று சொன்னால் கம்பெனியை மூடி சீல் வைத்துவிடுவார்கள், எல்லோரும் பிச்சை எடுக்க வேண்டியதுதான் என்று கேஸ் சமயத்தில் பெரிய முதலாளி ஆள் விட்டுச் சொன்னார். அடிக்கவில்லை என்று சொன்ன வீட்டுக்கெல்லாம் ஓட்டுக் கூரை வரும் என்றும் சொன்னார். ஒரே மாதத்தில் லைன் முழுக்க ஓலை இறங்கி ஓடு ஏறிவிட்டது. எட்டு வருஷத்தில் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். ஓட்டுக்கு ஒரு மனிதனை விற்ற ஊர் இது. இந்தத் தெருவில் நடந்தால் ஒரு வீட்டுக் கூரையைக்கூட நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டு ஓடு வேறு. அது பள்ளிக்கூடத்து வீடு என்பதால் போட்டது. ஒரே சமயத்தில் போட்டார்கள் என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடாது.

செப்டம்பர் 15

கல் வந்துவிட்டது. அண்ணன் பெயர் இருக்கிறது. நான் எழுதிய ஐந்து வார்த்தை இல்லை. எழுத்துக்குத் தங்க நிற வர்ணம் வேறு பூசியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 19

திறப்பு விழா இருபத்தேழாம் தேதி, சுற்றுலா நாளாம். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். பேண்டு வாத்தியம், வாழைமரம், சூளைக்குள்ளே சிவப்பு விளக்கு. நெருப்பு எரிகிற மாதிரி இருக்குமாம். காசு கொடுத்துக் களிமண் மிதிக்க ஓர் இடம். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்த மண்ணில் சேற்றுப்புண் வராத கால் கிடையாது. இனி பட்டணத்துப் பிள்ளைகள் மிதித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளும்.

முப்பிடாதியையும் இன்னும் ஏழு பேரையும் தலையில் ஓடு சுமந்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சிவப்புச் சேலை, பிளாஸ்டிக் கனகாம்பரம். எழுபது வயதுக் கிழவிகளை நாடகக் கொட்டகைக்கு அனுப்புகிற மாதிரி ஜோடித்திருக்கிறார்கள். அவர்களும் கண்ணாடி பார்த்துக்கொண்டு திரிகிறார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

செப்டம்பர் 21

இன்று ஒத்திகை. பேரனுக்குப் புது யோசனை வந்துவிட்டது. பேச்செல்லாம் முடிந்ததும் பழைய தொழிலாளி ஒருவர் சூளை மேல் ஏறிச் சாப்பாட்டு மணியை அடிக்க வேண்டும். அந்தக் காலம் மாதிரியே எல்லோரும் பந்திக்குப் போக வேண்டும். "கூஸ்பம்ப்ஸ் வரும் டீச்சர்" என்றான்.

யார் அடிக்கிறீர்கள் என்று கேட்டான். அப்போது பார்க்க வேண்டும் எங்கள் ஊர் வீரர்களை. ஒருத்தனுக்குத் தோள்பட்டை வலி, ஒருத்தனுக்கு ஏறினால் தலை சுற்றும். ஒருத்தன் மூத்திரம் பெய்யப் போனவன் திரும்பியே வரவில்லை. கிழவிகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மணி அடிக்கத்தானே கேக்கறேன், மலையவா தூக்கச் சொல்றேன்?" என்றான்.

பின்னால் வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "நான் அடிக்கேன்."

அண்ணன். வேலிக்கு வெளியே கைலியோடு நின்றுகொண்டிருந்தான். எண்பத்தெட்டுக்கு அப்புறம் கம்பெனி வாசலை மிதிக்காதவன். எப்போது வந்தான் என்று எனக்குத் தெரியாது. பேரனுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. "சூப்பர் தாத்தா!" என்று கை தட்டினான்.

இவன்தான் சற்குணம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்குகிற ஆள், படி ஏறுவானோ மாட்டானோ.

செப்டம்பர் 26

அண்ணன் முகச்சவரம் செய்துகொண்டான். இஸ்திரி போட்டுத் தா என்று வெள்ளைச் சட்டையை நீட்டினான்.

செப்டம்பர் 27

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வந்த பிள்ளைகளுக்கு நான் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தேன். மைக்கில் பேரன் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். பெரிய அதிகாரி வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டார். பேண்டு முழங்க, எட்டுக் கிழவிகளும் தலைக்கு ஐந்து ஓடு சுமந்து மேடையைச் சுற்றி வந்தார்கள். பந்தியில் இலை போட்டாகிவிட்டது.

அண்ணன் படி ஏறினான். இடையில் இரண்டு தடவை நின்றான். மேலே போய்ச் சுத்தியலை எடுத்து ஒரே ஓர் அடி அடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். சாம்பார் வாளியைத் தூக்கினார்கள்.

அவன் சுத்தியலைக் கை மாற்றிப் பிடித்தான். பிறகு அடிக்க ஆரம்பித்தான். விடாமல் அடித்தான்.

முதலில் விழுந்தவை முப்பிடாதியின் ஓடுகள். அப்புறம் மற்ற ஏழு பேருடையதும். உடைகிற சத்தம் கேட்பதற்குள் அவர்கள் பாதி மைதானம் தாண்டிவிட்டார்கள், சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. நாற்காலியில் கௌரவமாக உட்கார்ந்திருந்த பழைய ஆட்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். தோள்பட்டை வலிக்காரனும் ஓடினான், தலைசுற்றல்காரனும் ஓடினான். எல்லோரும் ஓடுகிறார்களே என்று பந்தி பரிமாறுகிறவர்களும் வாளியோடு ஓடினார்கள். பேரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, லஞ்ச் தாங்க, லஞ்ச் தான்!" என்று அலறினான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதான் விதி.

நான் நடந்துதான் போனேன். கையில் பிள்ளைகள் இருந்ததால் கொஞ்சம் வேகமாக நடந்தேன்.

கரையில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். கடைசிக் கிழவி கரை ஏறுகிற வரைக்கும் அவன் அடிப்பதை நிறுத்தவில்லை. அவள் ஏறியதும் நிறுத்தினான்.

பேரனும் மாளவிகாவும் ஓடி வந்தார்கள். பேரன் முகம் சிவந்திருந்தது. "என்னாச்சு உங்களுக்கெல்லாம்? எதுக்கு ஓடுனீங்க? அது சாப்பாட்டு மணிதானே?"

முப்பிடாதிக்கு வந்ததே கோபம். "சாப்பாட்டு மணிக்கு எவளாவது தலைச்சுமையக் கீழ போடுவாளாய்யா? தண்டவாளம் விடாம அடிச்சா ஓடணும். புருஷன் உள்ள கெடந்தாலும் திரும்பிப் பாக்கப்பிடாது. அன்னைக்கும் இங்கனதான், இதே எடத்துலதான் வந்து நின்னேன். எல்லாரும் வந்து சேந்துட்டாவ. எம் புருஷன் மட்டும் வரல." பிளாஸ்டிக் கனகாம்பரம் காதோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மாளவிகா மெதுவாகக் கேட்டாள். "அப்ப அன்னைக்கு மணி அடிச்சுதா?"

இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பேரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என் முகத்துக்கு வந்தபோது, நான் பிடித்திருந்த பிள்ளைகளின் கையைப் பார்த்தான். பிறகு பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். இவ்வளவு நாளில் அந்தப் பயல் பார்க்க வேண்டியதைப் பார்த்தது அது ஒன்றுதான்.

செப்டம்பர் 28

காலையில் லில்லி புஷ்பம் என் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். பள்ளிக்கூட வாசலில் ஒன்றும் மைதானத்தில் ஒன்றுமாகக் கிடந்ததாம்.

பேரன் கோபித்துக்கொண்டு விடியற்காலையிலேயே காரில் போய்விட்டான். பெரிய அதிகாரி சாப்பிடாமலே போனாராம். மீந்த பாயசம் லைன் முழுக்க வந்தது. நன்றாக இல்லை, அச்சு வெல்லம் போதவில்லை.

பத்து மணிக்கு மாளவிகா வந்தாள். இரண்டு ஆட்களை வைத்துப் பதினாலாம் கல்லைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டாளாம். "வேலை போகும்ல?" என்று கேட்டேன். "போகட்டும் டீச்சர்" என்றாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தாள். "இதுக்கு மட்டும் நாற்பது வார்த்தை கணக்கு இல்ல. எவ்வளவு வேணும்னாலும் எழுதுங்க." காப்பி கொடுத்தேன். கிராப்பு அவளுக்கு அவ்வளவு மோசமாக இல்லை.

தாள் மேசையில் கிடக்கிறது. இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, நிஜ மழை. நான் அண்ணனுக்குத் தட்டு எடுத்து வைத்தேன், சாய்ப்புக்குக் கொண்டுபோக. திரும்பிப் பார்த்தால் அவன் பின்வாசலில் நிற்கிறான், தலை நனைந்து. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். பிறகு உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தான்.

சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். உப்பு கேட்பான் என்று உப்பையும் எடுத்து வைத்தேன். அவன் கையை வைக்கவில்லை. மழை ஓட்டு மேல் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"எப்சி" என்றான். என் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டு எத்தனை காலம்.

"என்னண்ணே?"

"ஒனக்குக் கேட்டுச்சா?"

வாய்ப்பாடு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், சின்ன வயதில் அடி வாங்கிய பிறகு உட்கார்ந்திருப்பது மாதிரி.

"கேட்டுச்சுண்ணே" என்றேன்.

எந்த நாள் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.